பல்லீறு நோய்: அறிதலும் தீர்த்தலும்

வுளூவை முறிக்கும் காரியங்களைப் பற்றிய பாடத்தில் வாயில் கசியும் இரத்தத்தைக் குறித்த ஒரு சட்டம் வருகிறது. உமிழ்நீருடன் கலந்த இரத்தம் அதைவிட மிகுந்தோ, அதற்குச் சமமாகவோ இருப்பின் வுளூ முறியும்; உமிழ்நீரே மிகுந்திருப்பின் முறியாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் இதனால் வுளூ முறிவதில்லை. உமிழ்ந்த நீர் சிவந்துள்ளதா, மஞ்சளித்துள்ளதா என்று நோக்கச் சொல்லும் அளவுக்கு நம் சட்டமேதைகள் நுணுக்கம் காட்டியுள்ளனர். அரபுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இதனை ஓதிக்கொடுக்கிறோம். மக்களும் இது குறித்து விளக்கம் கேட்கின்றனர். ஆனால் அந்த இரத்தம் ஏன் வருகிறது என்று கேட்போர் அரிதாகவே உள்ளனர். ஈறு நோயைப் பற்றிய நம் அறியாமை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பல் நோய் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை சொத்தையும் வலியும்தாம். வலி வந்தால் மருத்துவரை நாடுகிறோம். வலியில்லையேல் வாய் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்லைத் தொடாமல் பல்லைத் தாங்கும் அடித்தளத்தை அது மெல்ல அரிக்கிறது. தேய்வே இல்லாத முழுப் பல் ஒன்று ஒருநாள் கையோடு வந்துவிடும்போது, வயதானால் பல் விழுவது இயற்கைதானே என்று அமைதி கொள்கிறோம். அவ்வாறு விழுவது வயதின் இயல்பன்று. ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போன ஒரு நோயின் முடிவு என்பதே மருத்துவம் கூறும் உண்மை.

பல்லைத் தாங்கும் அமைப்பு

பல் தாடை எலும்பில் ஆணி அறைந்தாற்போல் இறுகி நிற்பதில்லை. பல்லின் வேரைச் சிமெண்டம் என்னும் மெல்லிய பூச்சு மூடியுள்ளது. அதிலிருந்து புறப்படும் நுண்ணிய நார்கள் வேரை எலும்புடன் பிணைக்கின்றன. ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்த நார்ப்படுகைதான் நாம் கடிக்கும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்குகிறது. இவை அனைத்தையும் வெளியிலிருந்து மூடிக் காப்பது ஈறு. பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஆழமற்ற பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நலமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்றே நூல்கள் பொதுவாக எழுதுகின்றன. நம் நாட்டவர் பலருக்கு ஈறு இயற்கையாகவே கருமை படர்ந்திருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே நிறமிதான் இதற்கும் காரணம். இது நோயன்று. எனவே நாம் நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஈறு இறுகிப் பல்லை ஒட்டியுள்ளதா, துலக்கும்போது இரத்தம் கசியாமல் இருக்கிறதா என்பவையே நமக்கு ஏற்ற அளவுகோல்கள்.

படலம் காரையாகும் விதம்

துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மீது நுண்கிருமிகள் ஒட்டத் தொடங்குகின்றன. அவை பெருகி ஒன்றோடொன்று பிணைந்து, வழுவழுப்பான ஒரு படலமாகின்றன. இதைப் பற்படலம் என்பர். வாய் கொப்பளிப்பதால் மட்டும் இது போகாது. தேய்த்தே அகற்ற வேண்டும். அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்கும். இவ்வாறு கல்லானதே பற்காரை.

காரை என்னும் சொல்லின் பொருத்தத்தை எங்கள் மதுக்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லால் பெயர் பெற்ற ஊர் இது. அக்கல்லை நம்பியே 1934-இல் இங்குச் சிமெண்ட் ஆலை எழுந்தது. பாறையில் கால்சியம் கார்பனேட்டாக உள்ளது. பற்காரையிலோ பெரும்பாலும் பாஸ்பேட்டாக இருக்கிறது. இறுகிய பின் விரலாலோ பிரஷாலோ பெயர்க்க முடியாது என்பதில் இரண்டும் ஒன்றே. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்திலும், மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் இது மிகுதியாகப் படியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடங்களுக்கு அருகே திறப்பதே காரணம். கரடுமுரடான அதன் மேற்பரப்பில் புதிய படலம் மேலும் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

கிருமிகள் ஈற்றின் ஓரத்தில் தங்கும்போது உடல் தன் காவற்படையை அங்கு அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. சிறு உராய்விலும் இரத்தம் கசிகிறது. இது ஈறு அழற்சி என்னும் முதல் கட்டம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயமற நிறுவியது. நலமான ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. முதல் கட்டத்தில் நோயை முற்றாக நீக்கிவிடலாம் என்பதும், அதற்கான கருவி நம் கையிலேயே உள்ளது என்பதும் இதனால் தெளிவாயின.

கவனியாது விட்டால் சிலருக்கு அழற்சி உள்ளே இறங்குகிறது. நார்கள் அறுகின்றன, பள்ளம் ஆழ்ந்து பையாகிறது, எலும்பு கரைகிறது. கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போரே எலும்பையும் அழித்துவிடுகிறது. இது இரண்டாம் கட்டம். இதனை நிறுத்தலாம், இழந்த எலும்பை முழுமையாக மீட்பது அரிது.

மலையகத் தமிழர் தந்த சான்று

துலக்காமலே வாழும் மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் என்ன நேரும் என்பதற்கு உலக மருத்துவம் இன்றும் மேற்கோளாகக் கொள்வது ஒரு தமிழ் மக்கட் கூட்டத்தின் வாய்களையே என்பதை நம்மில் பலர் அறியோம். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பிய அவர்தம் உறவினர் பலர், நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியில் இன்றும் தேயிலை பறித்து வாழ்கின்றனர்.

லோவும் அவருடைய துணையாய்வாளர்களும் 1970-இல் 14 முதல் 31 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைச் சோதித்தனர். இவர்கள் பிரஷ் முதலியவற்றால் முறையாகத் துலக்கும் பழக்கம் இல்லாதவர்கள். பல் மருத்துவத்தின் நிழல்கூடப் படாதவர்கள். 1985 வரை 15 ஆண்டுகள் இடைவெளி விட்டு இவர்கள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முடிவுகள் 1986-இல் வெளியாயின. ஏறத்தாழ அனைவருக்குமே ஈறு அழற்சி இருந்தது. ஆயினும் அதற்குப் பிந்திய போக்கு ஒரே தன்மையதாக இல்லை. 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈற்றோடு நின்றது. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக உள்ளிறங்கியது. 8 விழுக்காட்டினருக்கு மிக விரைந்து பரவியது. இந்த விரைவுப் பிரிவினர் 45 வயதுக்குள் பற்கள் அனைத்தையும் இழக்கும் நிலையை எட்டினர்.

இவர்களிடம் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது மிகவும் கருதத்தக்கது. சொத்தையின்றி, பல்வலியின்றி, பல் மட்டும் போயிற்று. ஈறு நோய் தனித்து நின்றே ஒரு வாயை வெறுமையாக்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அந்தத் தொழிலாளர்களுள் 75 பேரை 2010-இல் மீண்டும் கண்டு சோதித்த ஆய்வாளர்கள், 40 ஆண்டுக் கால விவரத்தை 2017-இல் வெளியிட்டனர். ஈறு நோயால் ஒரு பல்லையும் இழக்காமல் இருந்தவர் நால்வரே.  ஒருவருக்குச் சராசரியாக 13 பற்கள் விழுந்திருந்தன. நோய் தொடங்குவதில் புகைப்பழக்கமும் பற்காரையும், முற்றுவதில் காரையும் படலமும் ஈறு அழற்சியும் பங்கு கொண்டதாக அவ்வாய்வு காட்டியது.

தடுப்பு முறை அறியாத மக்களை அதே நிலையில் நீண்ட காலம் கவனித்துக் குறிப்பெடுப்பது முறைதானா என்னும் வினா இன்றைய ஆய்வறத்தின் முன் எழவே செய்யும். அதற்கு விடை எதுவாயினும், உலகம் அவர்களிடம் கற்றுக்கொண்டது உண்மை. அவர்கள் பற்களை விலையாகக் கொடுத்துத் தந்த அந்தப் பாடத்தை அவர்தம் மொழி பேசும் நாமே அறியாதிருப்பது பொருந்தாது.

நோயை அறியும் குறிகள்

துலக்கும்போதோ, கொய்யா, ஆப்பிள் போன்றவற்றைக் கடிக்கும்போதோ இரத்தம் கசிவது முதற்குறி. இரத்தம் கண்டதும் புண்ணாகிவிட்டது என்று அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விடுவது பலருடைய வழக்கம். இதனால் படலம் பெருகி நோய் வளரவே செய்கிறது. மென்மையாக, ஆனால் விடாமல் துலக்குவதே ஏற்றது.

ஈறு வீங்கிப் பளபளப்பது, நீங்காத வாய் நாற்றம் ஆகியன அடுத்தவை. பற்கள் முன்பைவிட நீண்டு தோன்றுவதும், குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதும் ஈறு கீழிறங்கியதைக் காட்டும். பற்களிடையே புதிதாகச் சந்து விழுதல், ஈற்றை அழுத்தினால் சீழ் வருதல், பல் ஆடுதல், கடிக்கும்போது பற்கள் முன்போல் பொருந்தாமை ஆகியன நோய் முற்றியதன் அடையாளங்கள்.

புகைப்போர் ஒன்றை உணர்தல் வேண்டும். புகையிலை ஈற்றின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்க, வெளியே எச்சரிக்கைக் குறி தோன்றாது போகும். ஆதலால் இரத்தம் வரவில்லை என்பது அவர்களுக்கு நற்சான்றாகாது.

காய்ச்சலுடன் முகமோ கழுத்தோ வீங்கினாலும், விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாவிட்டாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றித் தானாகவே ஈற்றில் இரத்தம் பெருகி, உடம்பில் கன்றிய தடங்களும் சோர்வும் தோன்றினால் இரத்தப் பரிசோதனை தேவை. இரு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை, குறிப்பாகப் புகையிலை மெல்வோர், உடனே காட்டுதல் வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

நோயை வளர்க்கும் துணைகள்

புகையிலைக்கு அடுத்தபடியாகக் கருத வேண்டியது சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு நோய் விரைந்து வளரும். ஈற்றில் நீடிக்கும் அழற்சியோ சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு சில மாதங்களில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர். எனவே சர்க்கரை நோயர் கண்ணையும் பாதத்தையும் காட்டுவது போல் ஈற்றையும் ஆண்டுதோறும் காட்டுதல் நலம்.

இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் ஆகியன சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் கூறி மாற்று கேட்கலாம். கருவுற்ற பெண்களுக்கு உடலின் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். பிள்ளை பெறும் வரை பல் மருத்துவரிடம் போகக்கூடாது என்பது தவறான நம்பிக்கை; காரை நீக்கும் சிகிச்சையைக் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாகச் செய்யலாம்.

சிகிச்சையின் படிகள்

மருத்துவர் முதலில் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியை ஈற்றோரத்தில் நுழைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பின் நோய் உள்ளிறங்கியதா என்று ஆராய்வார். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும்.

முதற்படி காரை நீக்கம். மக்கள் வழக்கில் இது ஸ்கேலிங். நோய் உள்ளிறங்கியிருப்பின் மரத்துப்போகும் ஊசியிட்டு, வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வர். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பர். பைகள் ஆழமாகவே இருப்பின், ஈற்றைச் சிறிது விலக்கி உள்ளே தூய்மை செய்யும் அறுவை தேவைப்படலாம். அதன்பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர் கவனிப்பு வேண்டும். இந்த இறுதிப்படியைக் கைவிடுவோருக்கே நோய் பெரும்பாலும் திரும்புகிறது.

காரையை எடுத்தால் பல் ஆடும், பற்களிடையே சந்து விழும் என்னும் அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உண்மை வேறு. சந்தை அடைத்துக்கொண்டிருந்தது காரை. அதை எடுத்ததும் நோய் ஏற்கெனவே உண்டாக்கிய இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு இறுகுவதால் சில நாள் கூச்சம் இருக்கும், பின்னர் குறையும். மற்றொரு தவறு, மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவது. காரையும் படலமும் அங்கேயே இருக்க, மாத்திரை மட்டும் நோயைத் தீர்க்காது. உப்புநீரும் கிராம்பு எண்ணெயும் சற்று இதம் தரும். அவற்றையே சிகிச்சையாகக் கொள்ளலாகாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரை மருத்துவர் சொன்ன நாட்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும். நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

பொருளாதார நெருக்கடியுடையோருக்கும் வழியுண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உள்ளது. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் மருத்துவமனைகளைவிடக் குறைந்த செலவில் இச்சிகிச்சையைப் பெறலாம்.

மரபும் மிஸ்வாக்கும்

இந்த அறிவு நமக்குப் புறத்தேயிருந்து வந்ததன்று. குர்துபாவில் வாழ்ந்து 1013-இல் மறைந்த அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவீ, தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவப் பெருநூலின் அறுவை சிகிச்சைப் பகுதியில், பற்களில் படியும் காரை ஈற்றைக் கெடுப்பதை விளக்கி, அதைச் சுரண்டியெடுக்க 14 கருவிகளைப் படத்துடன் தந்துள்ளார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் கூறியுள்ளார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர், அலிகரிலும் பின்னர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலும் பயின்ற டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் என்பதும் நினைவுகூரத்தக்கது.

சிரமமாகிவிடும் என்ற இரக்கம் இல்லையேல் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கடமையாக்கியிருப்பார்கள் என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை வலியுறுத்தியுள்ளார்கள். மிஸ்வாக் குச்சி தரும் மரத்தைத் தமிழ் உகாய் என்று சங்க காலந்தொட்டே அறியும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதும் நம் மண்ணின் வழக்கே. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் மிஸ்வாக்கைப் பரிந்துரைத்தது. 2000-இல் வெளியான பன்னாட்டு அறிஞர் அறிக்கையோ மேலும் ஆய்வு வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்தே நாம் நோக்க வேண்டும். முறையாகப் பயன்படுத்தினால் மிஸ்வாக் நன்கு சுத்தம் செய்யும். முன்பற்களின் வெளிப்புறத்தை நான்கு முறை தேய்த்துவிட்டு, சுன்னத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று அமைவோருக்கு, காரை படியும் உட்புறமும் கடைவாயும் தீண்டப்படாமலே போகின்றன. முனை தேய்ந்த குச்சியை நறுக்கிப் புதிதாக மென்று கொள்ளாமல் மாதக்கணக்கில் சட்டைப் பையில் வைத்திருப்பதும், ஈறு விலகும்படி அழுத்தித் தேய்ப்பதும் பயனைக் கெடுக்கும்.

பிரஷாயினும் மிஸ்வாக்காயினும் முறை ஒன்றே. மென்மையான தும்பை ஈற்றோரத்தில் சற்றே சாய்த்து வைத்து, ஒவ்வொரு பல்லின் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். காலையில் ஒருமுறையும், இரவு உறங்குமுன் ஒருமுறையும் இன்றியமையாதவை. பற்களின் இடைச்சந்துகளைச் சிறு பிரஷாலோ நூலாலோ தூய்மை செய்ய வேண்டும். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும்; தவிர்க்க வேண்டும்.

ரமளானில் சிகிச்சையையும் துலக்குவதையும் சிலர் ஒத்திப்போடுகின்றனர். நண்பகலுக்குப் பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான நிலை. ஹனஃபி மத்ஹபில் அவ்வாறில்லை. எவ்வாறாயினும் ஸஹரின் இறுதியிலும் இரவு உறங்குமுன்னும் நன்கு துலக்குவதற்கு யாதொரு தடையுமில்லை. காரை நீக்கத்தை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே சென்றுவிடுமோ என்னும் ஐயத்திற்கும் இடமிராது.

செய்யத்தக்கவை

நம் ஜமாஅத்துகள் ஆங்காங்கே நடத்தும் சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனை முகாம்களில் ஈறு சோதனையையும் சேர்த்தல் பெரும் செலவுடையதன்று. அரபுக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டலாம். மிஸ்வாக்கின் சிறப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், அதைப் பிடிக்கும் முறையையும் வாயின் எந்தெந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் செய்து காட்டலாம். இளமையில் காணும் ஈற்றுக் கசிவு முறையாகத் துலக்கினால் சில வாரங்களில் தணிந்துவிடும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கிய பின்னும் இரத்தம் நிற்கவில்லையேல் பல் மருத்துவரை நாட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்க.